புளி போட்டுத் துலக்கிய கோப்பை

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளைக் கேட்டால் பெரிய டீம்களோடு மோதின ஆட்டங்களைத்தான் சொல்வார்கள். காலேஜ் டீமை மடக்கினது, திருச்சியிலிருந்து வந்த டீமோடு கடைசி நிமிஷம் வரை சமமாக நின்றது, இப்படி. டீக்கடையில் அதை ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். எனக்கு அந்த ஆட்டங்கள் ஒன்றும் சரியாக ஞாபகம் இல்லை. சின்ன டீம்களோடு ஆடினதுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கால்பந்து எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். எது ஃபவுல், எது இல்லை என்று ரெஃப்ரி ஊதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பூதலூரிலிருந்து ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். மாதா கோயிலைச் சுற்றித்தான் வீடுகள். கோயிலுக்கு முன்னால் இருக்கிற திடல்தான் ஆட்டம் நடக்கிற இடம். மாவட்ட லீக்கில் எங்கள் டீம் முதல் டிவிஷன். என் வீட்டுக்காரர் ஆடின காலத்திலிருந்து அப்படித்தான். லீக்கில் முதல் டிவிஷன் டீம் முதல் டிவிஷன் டீமோடு மட்டும்தான் மோதும். கோப்பை ஆட்டம் அப்படி இல்லை. சம்பா அறுப்பு முடிந்து கோயில் திருவிழா வரும்போது, பெயர் கொடுத்த எல்லா ஊரையும் சீட்டில் எழுதிப் போட்டுப் பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக எடுப்பார். யாரோடு யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். ஒரு ஆட்டம் தோற்றால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கல்யாணமாகி வந்த வருஷம் நான் பார்த்த முதல் கோப்பை ஆட்டத்தில், எங்கோ வாய்க்கால் கரையிலிருந்து டிராக்டரில் வந்திறங்கின ஒரு டீம் எங்களுக்கு விழுந்தது. நாலு நிறத்தில் பனியன். ஒருத்தன் காலில் பூட்ஸ் இருந்தது, ஆனால் ஒரு காலில்தான். அதன் ஜோடி கோல்கீப்பர் காலில் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது நடுவில் ஆடுவார். ஒன்பது கோல் போட்டோம். ஆட்டம் முடிந்ததும் தோற்ற டீமுக்கு மோர் ஊற்றுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வேலை. அந்தக் கோல்கீப்பர் இரண்டாம் தடவையும் டம்ளரை நீட்டினான்.

“அக்கா, ஒம்பது கோல் வாங்குனவனுக்கு ஒம்பது டம்ளர் உண்டா?”

ஊற்றினேன். ஜெயித்தவர்கள் வீட்டு மோர், குறைச்சல் என்ன. நின்று சிரித்துக்கொண்டே ஊற்றினேன்.

எனக்கு ஒரே மகன். அவனும் அதே டீமில் ஆடினான். பேக். எதிராளியைக் கோல் பக்கம் விடாமல் மறிக்கிற இடம். அவன் ஆடின ஆட்டம் எல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒன்றைத் தவிர. ஒரத்தநாடு பக்கம் ஒரு கோப்பை ஆட்டம். எதிர் டீம் மூன்றாம் டிவிஷன். சும்மா போய் ஜெயித்துவிட்டு வருகிற ஆட்டம்தானே என்று நான் உளுந்து பறிக்கப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் தோற்றான்.

வந்தவன் பூட்ஸைக் கழற்றவில்லை. கை பம்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டதும் வந்து சாப்பிட்டான். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். 

மறுநாள் காலை நான் கேட்டேன். “என்னடா ஆச்சு?”

“கை தூக்கிட்டேம்மா.”

“யார் மேலடா?”

“யார் மேலயும் இல்ல. ஆஃப்சைடுன்னு கை தூக்கிட்டு நின்னுட்டேன். த்ரோவுக்கு ஆஃப்சைடு கெடையாதும்மா. தெரியும், தெரிஞ்சேதான் நின்னேன். பழக்கத்துல கை தானா போயிருச்சு. அவங்க ஆளு நடந்து வந்து பந்தத் தலையால முட்டி கோல் போட்டுட்டுப் போறான்.”

எனக்குப் புரியட்டும் என்று அடுப்படித் தரையில் டம்ளர்களை அடுக்கிக் காட்டினான். பந்தைக் காலால் உதைத்துக் கொடுத்தால், எதிர் டீம்காரன் நம் ஆட்களைத் தாண்டி முன்னாலேயே போய் நிற்கக் கூடாது. நின்றால் ஆஃப்சைடு. ஆனால் பந்து கோட்டுக்கு வெளியே போய், அதைக் கையால் எறிகிறார்களே அந்த த்ரோவுக்கு, அந்தச் சட்டம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நாலு டம்ளர் நாலு பேக். உப்பு ஜாடி கோல்கீப்பர். ஒரு பூண்டுப் பல்தான் பந்து. நான் அன்றைக்கு அந்தச் சட்டத்தைப் படித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில், தஞ்சாவூரில் வேலை முடிந்து அவன் வருகையில், பைபாஸ் ரோட்டில் வண்டி சறுக்கியது. நல்ல மழை. இருபத்தாறு வயசு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து டீம் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். டீம் கேப்டன் என் மகனோடு ஒன்றாகப் படித்தவன். அவன்தான் பேசினான்.

“அம்மா, திருவிழா டோர்னமெண்ட்டுக்கு அவன் பேர்ல ஒரு சுழற்கோப்பை வச்சுருவோம்மா.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் தஞ்சாவூருக்குப் போய் வாங்கி வந்தார். என் இடுப்பு உயரம். வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் காது மாதிரி கைப்பிடி. நடுவில் ஒரு தகடு ஒட்டி, அதில் அவன் பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் கறுப்பு எழுத்தில் இருந்தன. எழுத்துக் கூட்டாமல் நான் படிக்கிற எழுத்து அது ஒன்றுதான்.

சுழற்கோப்பை என்றால் ஜெயித்த டீம் ஒரு வருஷம் வைத்திருந்து மறு திருவிழாவுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். ஒரே டீம் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கே சொந்தம். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் அதுதான் சட்டம்.

முதல் வருஷம் எங்கள் டீம் ஜெயித்தது. கேப்டன் கோப்பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தான். இரண்டாம் வருஷமும் ஜெயித்தோம். மறுபடியும் இங்கேதான் வந்தது. டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி. அதில் மேல் தட்டை எடுத்துவிட்டுத்தான் அதை வைக்க முடிந்தது. தினம் காலையில் துணியால் ஒரு துடைப்பு. அதைத் துடைக்கும்போது மனசில் ஏதாவது வரும் என்று நினைப்பேன். ஒன்றும் வராது. துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன்.

ஆனால் மூன்றாம் வருஷம் நெருங்க நெருங்க ஒன்று மட்டும் வேண்டும் என்று தோன்றியது. இது இங்கேயே இருக்க வேண்டும். வேறு ஊர்க்காரன் வீட்டுப் பரணில் கிடக்கக் கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்கே தெரிந்திருந்தது. பையன்கள் ஒவ்வொரு ஆட்டமும் ஜெயித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டுவார்கள், இன்னும் ரெண்டு, இன்னும் ஒண்ணு என்று. நாங்களே கொடுத்து, நாங்களே ஜெயித்து, நாங்களே வைத்துக்கொள்வது என்ன கணக்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஃபைனலுக்கு வந்தது அக்கரை டீம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னக் குடியிருப்பு. அந்த வருஷம்தான் லீக்கில் பெயர் பதிந்தார்கள், கடைசி டிவிஷன். பாதிப் பேர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். செமி ஃபைனலுக்கு நேராக வேலையிலிருந்து வந்தார்கள். கழுத்தில் அரிக்கிற நெல் சொணை அப்படியே ஒட்டியிருந்தது. வாய்க்காலில் முகத்தைக் கழுவிவிட்டு இறங்கி, தஞ்சாவூர் டீம் ஒன்றை ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மதினி என் கையைப் பிடித்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடு.

“மதினி, இந்த வருஷம் அலமாரிக்குப் பூட்டு வாங்கிருங்க. இனிமே அது அசையாது.”

“ஆடட்டும், பாப்போம்.”

“என்னத்தப் பாக்குறது? அக்கரைப் பயலுவளுக்குப் பந்து எது, பூசணிக்காய் எதுன்னு தெரியுமா?”

கேப்டனும் அதையே சொன்னான். “சின்ன டீமும்மா. ஒரு பாதியிலயே முடிச்சுருவோம்.”

ஃபைனல் அன்று காலையில் கோப்பையைத் திடலுக்குக் கொண்டுபோக வேண்டும். மேசையில் வைத்துச் சாமியார் மந்திரித்த பிறகுதான் ஆட்டம். நான் அதை எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி மடிப்பில் கறுப்பாக அழுக்கு. தகட்டு எழுத்துக்குள் தூசி. ஊரெல்லாம் பார்க்கப்போகிறது. என் வீட்டுப் பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று மதினியே சொல்வாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இப்படி அழுக்காகப் போனால் என்ன சொல்வார்கள்.

கொல்லையில் கை பம்பு அடியில் உட்கார்ந்தேன். கொட்டை எடுத்த புளி ஒரு உருண்டை, சலித்த சாம்பல், தேங்காய் நார். எத்தனையோ குத்துவிளக்கும் தவலையும் துலக்கின கை. அழுத்தித் தேய்த்தேன். தகட்டில் எழுத்துக்குள் அழுக்குப் போகவில்லை, அங்கே இன்னும் அழுத்தினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தேன்.

வெள்ளி நிறம் போய்விட்டது. எல்லா இடத்திலும் இல்லை, திட்டுத் திட்டாக. உள்ளேயிருந்து மங்கின மஞ்சள் தெரிந்தது. அது வெறும் பூச்சு. பூச்சுக்குப் புளி ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள். தகட்டில் கறுப்பு மை முழுக்கப் போய்விட்டது. சாய்த்து வெயிலில் பிடித்தால் எழுத்தின் தடம் கொஞ்சம் தெரிந்தது. நேராகப் பிடித்தால் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தவர் பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

“புளியா?”

“ஆமாங்க.”

“ம்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உள்ளே போய்த் தன் புதுத் துண்டை எடுத்துவந்து கோப்பைமேல் போட்டு மூடினார்.

“இன்னிக்கு மட்டுந்தானே. சாயந்திரம் இங்கதான வரப்போவுது. இதோட வச்சுக்குவோம். யாரும் பாக்க வேணாம்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெயித்தால் அலமாரிக்குள் போய்விடும். தகட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடலாம். தோற்றால் என்ன என்று நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை. கடைசி டிவிஷன் டீம்தானே.

மூன்றரை மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. கோப்பை மேசைமேல் துண்டோடு நின்றது. பரிசு கொடுக்கும்போது திறக்கட்டும், வெயிலில் மங்கிவிடும் என்று வீட்டுக்காரர் சாமியாரிடம் சொன்னாராம். சாமியார் துண்டின்மேலேயே தீர்த்தம் தெளித்தார். நான் கோயில் சுவர் ஓரமாக வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். மைக்கில் ரிட்டயரான வாத்தியார். ஆட்டத்தைச் சொல்வதோடு வம்பும் அவர்தான் இழுப்பார்.

“அன்பான ரசிகர்களே! அக்கரை அணி வீரர்கள் மூட்டை தூக்கிப் பழகியவர்கள். இன்று கோல் மூட்டையையும் அவர்களே தூக்கிச் செல்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்!”

எங்கள் பக்கம் ஒரே சிரிப்பு. திடலின் எதிர்ப் பக்கத்தில் அக்கரை ஆட்கள் ஒரு முப்பது பேர் இருப்பார்கள். அதிலிருந்து ஒருவர் எழுந்து வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

“வாத்தியாரே! ஒங்க நெல்லு இன்னும் கொள்முதல் செண்டர்லதான் கெடக்கு! நாளைக்கு அத நீங்களே தூக்கிக்கிறீங்களா?”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் பக்கமும் சேர்ந்து. வாத்தியார் மைக்கை மூடிக்கொண்டு இருமினார்.

எங்கள் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். பந்து அவர்கள் காலிலேயே இருந்தது. ஆனால் கோல் விழவில்லை. அக்கரைப் பையன்கள் பந்தைத் துரத்தி ஓடிவந்தால், எங்கள் பேக்குகள் அவசரமில்லாமல் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவார்கள். பெரிய டீமோடு ஆடும்போது அப்படிச் செய்ய மாட்டார்கள். சின்ன டீம்தானே, எறியட்டும், மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

அக்கரை டீமின் கேப்டன் கட்டையான ஆள். தோள் மட்டும் கதவு அகலம். ஒவ்வொரு த்ரோவுக்கும் அவன்தான் வந்தான். பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், லாரியில் நிற்கிறவனுக்கு மூட்டையை ஏற்றுகிற மாதிரி, இடுப்பை முறித்து எறிவான். பந்து கோல் வாசலில் போய் விழும். முதல் பாதியில் நாலு தடவை. நாலு தடவையும் எங்கள் கோல்கீப்பர் தாவிப் பிடித்துவிட்டான்.

எனக்கு அடுப்படித் தரை ஞாபகம் வந்தது. நாலு டம்ளர், உப்பு ஜாடி. எங்கள் பேக்கில் இரண்டு பேர் ஒவ்வொரு பந்துக்கும் கை தூக்குகிறார்கள். பழக்கம். ஆஃப்சைடு கேட்டுக் கேட்டுப் பழகிய கை.

இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பந்தை வெளியே தட்டாதீர்கள், த்ரோவுக்குக் கை தூக்காதீர்கள். இரண்டே வார்த்தை.

“தம்பி,” என்றேன்.

“கவலையே படாதீங்கம்மா. கப்பு வீட்டுக்கு வந்துரும். நீங்க போயி ஒக்காருங்க.”

பதினொரு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. முதல் டிவிஷன் டீமுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்று வாய் நின்றுவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். என் சுபாவம் எனக்கே தெரியும். ஒரு தடவை கேட்கவில்லை என்றால் இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும். இடது பக்கம் பந்தை வெளியே தட்டினார்கள். அக்கரைக் கேப்டன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தான். எறிந்தான். அவர்களில் ஒல்லியான ஒருத்தன் எங்கள் பேக்குகளுக்குப் பின்னால், கோலுக்கு முன்னால், தனியாக நின்றான். எங்கள் பேக்குகள் இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்தார்கள். கோல்கீப்பரும் ரெஃப்ரியைப் பார்த்தான். அந்த ஒல்லிப் பையன் யாரையும் பார்க்கவில்லை. தலையால் முட்டினான்.

திடல் முழுக்க “ஆஃப்சைடு! ஆஃப்சைடு!” என்று கத்தியது. மைக்கில் வாத்தியாரும் கத்தினார். ரெஃப்ரி கோல்தான் என்று நடு வட்டத்தைக் காட்டி ஊதிவிட்டார்.

என் வீட்டுக்காரர் கோல் கம்பத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ரெஃப்ரியை அடிக்க ஓடின இரண்டு பேரைக் கையை நீட்டி மறித்தார்.

“த்ரோவுக்கு ஆஃப்சைடு கெடையாதுடா. போங்கடா, போயி ஆடுங்க.”

மீதி நேரம் எங்கள் பையன்கள் எல்லோரும் முன்னால் போய் நின்று உதைத்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அக்கரைப் பையன்கள் பந்தைக் கோயில் கூரைமேலும் வாய்க்காலுக்குள்ளும் உதைத்தார்கள். ரெஃப்ரி ஊதினார். முடிந்தது.

எனக்கு அப்போது என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கால் மரத்துப்போயிருந்தது, ஒரே பக்கமாக உட்கார்ந்ததில். எழுந்து காலை உதறினேன். அது ஞாபகம் இருக்கிறது.

கேப்டன் அழுதுகொண்டே வந்தான். அவனுக்குப் பின்னால் விழாக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். மேசைப் பக்கம் ஒதுக்கமாகக் கூப்பிட்டார்கள்.

“அம்மா, இந்தக் கப்பக் குடுக்க வேணாம். நாளைக்கே தஞ்சாவூர் போயி இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கி அக்கரையில குடுத்துர்றோம். நான் பேசிக்கிறேன். அவனுவ ஒண்ணும் சொல்ல மாட்டானுவ. இது வீட்லயே இருக்கட்டும்மா.”

அக்கரைப் பையன்கள் மேசைக்கு எதிரில் வரிசையாக நின்றார்கள். பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ. ஒல்லிப் பையன் தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர், “நீயே சொல்லு,” என்றார்.

வேண்டும் என்று இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். தலையை ஆட்டினால் போதும், வீட்டுக்கு வந்துவிடும். மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினவள்தானே. ஆனால் ஒன்பது கோல் போட்டுவிட்டு மோர் ஊற்றின வீடு இது. ஜெயிக்கும்போது கையில் பிடித்த சட்டத்தைத் தோற்கும்போது காலில் போட்டு மிதித்தால், அப்புறம் நான் எந்த முகத்தோடு இந்தத் திடலில் உட்காருவது.

“ஜெயிக்கிறவங்களுக்குன்னுதானே வச்சோம். குடுங்க.”

கேப்டன் துண்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். சட்டென்று மூடினான். “அய்யய்யோ, என்னம்மா இது? இத எப்புடிம்மா குடுக்குறது? நமக்குத்தான் அசிங்கம்.”

“நான் பண்ணுன அசிங்கம். நானே குடுக்குறேன்.”

துண்டை எடுத்தேன். சாயங்கால வெயிலில் திட்டுகள் நன்றாகத் தெரிந்தன. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி அக்கரைக் கேப்டனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, திருப்பிப் பார்த்தான்.

“புளியாம்மா?”

“ஆமா தம்பி.”

“எங்கம்மாவும் இப்புடித்தான். கபடியில ஜெயிச்ச கப்ப மீன் சட்டி மாரி தேச்சு வச்சுருச்சு.” சொல்லிவிட்டுச் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. அவன் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “இதுல பேரு இருந்துச்சுல்ல? ஒண்ணும் தெரியலையே. யாரு பேரும்மா?”

“என் மவன்.”

“அது தெரியும்மா. அண்ணன் பேரு என்னான்னு கேட்டேன்.”

மூன்று வருஷத்தில் அவன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போதுகூட வீட்டுக்காரர்தான் சொல்வார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்டது இவன் ஒருத்தன்தான்.

சொன்னேன். பக்கத்தில் வாத்தியார் மைக்கை அணைக்காமல் கையில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கோயில் கோபுரத்து ஸ்பீக்கரில் என் குரல் பெரிதாகக் கேட்டது.  அப்புறம் அக்கரைப் பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். அன்றைக்கு ஜெயித்தவர்களுக்கும் மோர் ஊற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டோம்.

இப்போது டீக்கடையில் அந்த ஆட்டத்தை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும், ரெஃப்ரி அக்கரைக்காரனுக்கு உறவு என்று ஒருத்தன் சொல்வான், வெயில் கண்ணில் அடித்தது என்று இன்னொருத்தன். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நின்று சொல்லலாம், இடைவேளையில் எனக்குத் தெரியும் என்று. சொல்லவில்லை.

மறு வருஷம் திருவிழாவுக்கு அக்கரைக் கேப்டன் கோப்பையை பைக்கில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு கொண்டுவந்தான். கமிட்டியிடம் போகாமல் முதலில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். தகட்டில் என் மகன் பெயர் சிவப்பாக, தடித்த எழுத்தில் இருந்தது. மூட்டைகளுக்குக் குறி போடுகிற மையாம். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. தேதிகளை எழுதவில்லை. தெரிந்திருக்காது.

“மழையில நனைஞ்ச சாக்குலகூட இந்த மை போவாதும்மா. புளி மட்டும் போட்றாதீங்க.”

“சரி தம்பி.”

“நல்லாருக்காம்மா?”

“இருக்கு.”

வீட்டுக்காரர் அவனுக்கு டீ கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அந்த வருஷம் எங்கள் டீம் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. அக்கரை செமி ஃபைனலில் தோற்றது. சீர்காழிப் பக்கமிருந்து வந்த ஒரு டீம் ஜெயித்துக் கோப்பையை வேனில் ஏற்றிக்கொண்டு போனது. கொடுத்தது நான்தான். இந்தத் தடவை யாரும் பெயரைக் கேட்கவில்லை. சிவப்பாகத் தெரிந்தது, படித்துக்கொண்டார்கள்.

அலமாரியில் மேல் தட்டைத் திரும்பப் போட்டுவிட்டோம். இஸ்திரிப் பெட்டியும் அன்பளிப்பாக வந்த பிளாஸ்க் ஒன்றும் அங்கே இருக்கின்றன. காலையில் துடைக்கும்போது துணி பழக்கத்தில் அங்கே போகிறது, பிளாஸ்க்கைத் துடைத்துவிட்டு வருகிறது.

அந்தச் சீர்காழிப் பக்கத்து டீம் எந்த டிவிஷன் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். தெரியாது என்றார்.